வண்டியை விட்டு இறங்கிய பின் ஹெல்மட்டும் ஜாக்கெட்டும்

திருகோணமலையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கோணேசர் கோயிலுக்குச் செல்லும்போதும், நிலாவெளிக் கடலில் இறங்கும்போதும், ஹெல்மட், கனத்த ஜாக்கெட், கையுறை, சப்பாத்து ஆகியவற்றை எங்கே வைப்பது என்பது எனக்கு நெடுநாள் தொல்லையாக இருந்தது. அதனைத் தீர்த்தவை பிளாஸ்டிக் உறையிட்ட மெல்லிய கம்பிவடமும் ஒரு சிறு பூட்டும். வடத்தை ஜாக்கெட்டின் கைக்குள் நுழைத்துக் கழுத்து வழியாக எடுத்து, முழுமுக ஹெல்மட்டின் முகத் திறப்பினூடாக விட்டுக் கீழ்ப்புறமாக வெளியே இழுத்து, வண்டியின் சட்டத்தோடு சேர்த்துப் பூட்டிவிடுகிறேன். நாடிப்பட்டியில் மட்டும் பூட்டுவதை நான் ஏற்பதில்லை. அப்பட்டியைச் சாதாரணக் கத்தியே அறுத்துவிடும். வடமும் பெரிய வெட்டுக்கருவிக்கு நிற்காதுதான், ஆயினும் போகிற போக்கில் தூக்கிச் செல்பவரைத் தடுக்கும்.

ஹெல்மட்டைப் பக்கக் கண்ணாடியின் மேல் கவிழ்த்து மாட்டும் பழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். அடியைத் தாங்குவதற்கென்றே உள்ளே வைத்திருக்கும் நுரைப்படலம் அங்கே அழுந்திக் குழிந்துவிட்டால், மீண்டும் பழைய நிலைக்கு எழும்பாது. கையுறைகளையும் அதனுள் திணிப்பதில்லை. வியர்வை ஈரம் உள்துணியில் இறங்கினால் அந்த நாற்றம் இலகுவில் போகாது. அவற்றைத் தோள்பையில் எடுத்துச் செல்கிறேன்.

கடற்கரையில் கூடுதல் கவனம் வேண்டும். உப்புக்காற்று பட்டால் ஜாக்கெட்டின் உலோக சிப் துருப்பிடித்து இறுகிவிடும் என்பதால், வீடு திரும்பியதும் ஈரத்துணியால் பல்பல்லாகத் துடைத்து, ஜாக்கெட்டை நிழலில் காயவிடுகிறேன். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மட்டும் வடத்தை நம்பாமல், எல்லாவற்றையும் வாய் சுருட்டி மூடும் நீர்புகாப் பையில் இட்டு முதுகில் சுமந்து செல்கிறேன்.