சளி பிடித்த கைக்குழந்தை: முதலில் மூக்கு, பிறகு பால்

பிறந்த முதல் சில மாதங்களில் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். அதனால் நமக்குச் சின்னத் தொந்தரவாகத் தெரியும் மூக்கடைப்பு, அதற்குப் பாலையும் தூக்கத்தையும் சேர்த்தே கெடுக்கிறது. வாய் வைக்கும், இரண்டு முறை உறிஞ்சும், மூச்சு முட்டி விட்டுவிட்டு அழும். பசிதான் என்று மறுபடி பாலைக் கொடுப்போம்; மறுபடி அழுகை. முதல்முறை பெற்றோரைக் கலங்கடிப்பது இதுதான். வரிசையை மாற்றினால் பாதித் தவிப்பு குறையும்.

படி 1: மூச்சை எண்ணுங்கள்

குழந்தை அமைதியாக இருக்கும்போது, தூங்கினால் இன்னும் நல்லது, சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதை முழுதாக 1 நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள். கைக்குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. 2 மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் 1 வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. இன்னொரு முறை எண்ணியும் அப்படியே இருந்தால் வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

படி 2: மூக்கைத் திறந்துவிடுங்கள்

மருந்துக் கடையில் குழந்தைகளுக்கான சலைன் (உப்புநீர்) மூக்குச் சொட்டு என்று கேளுங்கள். மூக்கடைப்பு நீக்கும் வேறு சொட்டு மருந்தை மாற்றி வாங்கிவிடக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, ஒவ்வொரு துவாரத்திலும் 2 சொட்டு விடுங்கள். ஒரு நிமிடம் பொறுங்கள், சளி இளகட்டும். பிறகு சளி உறிஞ்சும் ரப்பர் பல்பை வெளியிலேயே அழுத்திப் பிடித்து, நுனியை மட்டும் துவாரத்தில் வைத்து, பிடியை மெல்லத் தளர்த்தினால் சளி உள்ளே ஏறும். பல்பை ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவையுங்கள்.

பால் கொடுப்பதற்குச் சற்று முன்பும், தூங்கவைக்கும் முன்பும் இதைச் செய்யுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் உறிஞ்சினால் மூக்கின் உட்புறம் புண்ணாகி வீங்கும், அடைப்பு இன்னும் கூடும்.

படி 3: கொஞ்சம் கொஞ்சமாகப் பால்

வழக்கமான அளவை ஒரே மூச்சில் குடிக்க அதற்குத் தெம்பு இருக்காது. அளவைக் குறைத்து, அடிக்கடி கொடுங்கள். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினால் காத்திருங்கள். 6 மாதத்துக்குள் தண்ணீர் வேண்டாம், பாலே போதும். ஈரமான டயப்பரை எண்ணி வாருங்கள். போதுமான பால் போகிறதா என்று அதுவே சொல்லிவிடும்.

படி 4: தோளில் சாய்த்து, பிறகு மல்லாக்க

விழித்திருக்கும்போது நிமிர்த்தித் தோளில் சாய்த்து வைத்துக்கொண்டால் இதமாக இருக்கும். தூங்கும்போது மட்டும் சமமான படுக்கையில் மல்லாக்க. சளிக்காகத் தலைக்குத் தலையணை வைக்காதீர்கள். தலை சரிந்து மூச்சுப்பாதை மடங்கிவிடலாம்.

செய்யவே கூடாதவை

ஆவி பிடிக்கவைத்தால் வெந்நீர் கொட்டிச் சுட்டுவிடும் ஆபத்து அதிகம். கற்பூரம், மென்தால் கலந்த தைலம் 2 வயது வரை வேண்டாம். தேன் 1 வயது வரை கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கலாம். கடையில் கேட்டு இருமல் சிரப் வாங்காதீர்கள். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் எவ்வளவு என்பதை எடையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் புகை வேண்டாம்.

எப்போது ஓட வேண்டும்

சிறு மூச்சுக்குழாய்களில் வரும் வைரஸ் தொற்று பெரும்பாலும் 3 முதல் 5ஆம் நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும். முதல் நாள் லேசாக இருந்ததே என்று அசந்துவிடாதீர்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, மூக்குத் துவாரம் விரிவது, முனகல், உதடு நீலமாவது, மூச்சு நின்று நின்று வருவது, பாலை அறவே மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும், நள்ளிரவானாலும், மருத்துவமனைக்குப் போங்கள். 3 மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான்.

போகும் வழியில் வற்புறுத்திப் பால் புகட்டாதீர்கள். எண்ணிய மூச்சுக் கணக்கையும், கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.