குழந்தை தனியாகக் குளிக்கத் தொடங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“ஆறு வயசாச்சு, இனி அவனே குளிச்சுக்குவான்” என்று ஒரே நாளில் ஒதுங்கிக்கொள்வதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. குளியல் என்பது பல வேலைகளின் கூட்டு. தண்ணீர் விளாவ வேண்டும், வழுக்காமல் நிற்க வேண்டும், சோப்புப் போட வேண்டும், தலை அலச வேண்டும், துவட்ட வேண்டும். இவை எல்லாம் ஒரே வயதில் கைவராது. உடம்புக்குச் சோப்புப் போடப் பல குழந்தைகள் ஐந்து வயதிலேயே பழகிவிடும். ஷாம்பு நுரை போகத் தலை அலச எட்டு, ஒன்பது வயதுகூட ஆகலாம். எனவே ஒவ்வொன்றாக ஒப்படையுங்கள். வெந்நீர் விளாவும் வேலை கடைசியாகவே குழந்தையிடம் போகட்டும்.

வெந்நீரை ஏன் கடைசியில் வைக்கிறோம்? குழந்தையின் தோல் மெல்லியது. 60 டிகிரி செல்சியஸ் தண்ணீர் சில நொடிகளிலேயே ஆழமாகச் சுட்டுவிடும். 49 டிகிரியில் அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். குழந்தை விலகிக்கொள்ள நேரம் கிடைக்கும். ஆகவே கீசரை 49க்கு மேல் வைக்காதீர்கள். குளிக்க 37, 38 டிகிரி சூடு போதும். திறக்கும்போது பச்சைத் தண்ணீர்க் குழாய் முதலில், மூடும்போது வெந்நீர்க் குழாய் முதலில்: இந்த வரிசை பழக்கமாகும்வரை நீங்களே விளாவிக் கொடுங்கள். வாளியில் விளாவினால் நன்றாகக் கலக்கிவிட்டு, முழங்கையால் சூடு பாருங்கள். உள்ளங்கைக்குச் சூடு அவ்வளவு உறைக்காது.

போனை எடுத்துவிட்டு வருகிறேன் என்று சிறு குழந்தையைத் தண்ணீர் அருகே விட்டுப் போவது இதைவிட ஆபத்தானது. 5 சென்டிமீட்டர் தண்ணீர்கூட மூழ்கடிக்கும். தலை கனமாக இருப்பதால், வாளிக்குள் குப்புற விழும் கைக்குழந்தையால் எழ முடியாது. மூழ்கும் குழந்தை கத்தவும் கத்தாது. மூச்சே விட முடியாதபோது குரல் எங்கிருந்து வரும்? அதனால் வெளியிலிருந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பது காவல் ஆகாது. ஐந்து வயதுவரை கைக்கெட்டும் தூரத்திலேயே இருங்கள். அண்ணனையோ அக்காவையோ காவலுக்கு வைக்காதீர்கள். குளித்து முடித்ததும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

வலிப்பு வரும் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருந்தாலும் தொட்டியில் தனியாக இறங்கக் கூடாது. ஷவரில் குளிக்கட்டும், அதுவும் கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருக்கும்போது.

கதவைச் சாத்திக்கொள்ளலாம், தாழ் போடக் கூடாது என்பது எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான விதியாக இருக்கட்டும். வழுக்காத விரிப்பும், குழந்தைக்கு எட்டும் உயரத்தில் துண்டும் வேண்டும்.

கூச்சப்பட்டுக்கொண்டு பெற்றோர் சொல்லித்தராமல் விடும் பாடம் ஒன்று உண்டு. பெண் குழந்தையின் பிறப்புறுப்பை வெளிப்புறம் மட்டும் வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். அங்கே சோப்பு நுரை தங்கினால் தோல் எரியும், சிறுநீர் போகும்போது கடுக்கும். கழுவுவது எப்போதும் முன்னிருந்து பின்னாக. ஆண் குழந்தையின் முன்தோலை வலிந்து பின்னால் இழுக்கவே கூடாது, புண்ணாகிவிடும். அது தானாக விலகத் தொடங்கிய பிறகு, மெல்லத் தள்ளி, தண்ணீரால் அலசி, மறுபடி முன்னால் கொண்டுவரச் சொல்லிக்கொடுங்கள். பின்னாலேயே விட்டுவிட்டால் இறுகி வீங்கிவிடும்.

குளித்து வந்த பிள்ளையிடம் “அழுக்கே போகலை, வா” என்று மறுபடி குளிப்பாட்டாதீர்கள். அடுத்த முறை தானாகச் செய்யும் ஆசையே போய்விடும். காதின் பின்புறம், கழுத்து மடிப்பு, அக்குள், கால்விரல் இடுக்கு ஆகிய நான்கையும் பாருங்கள். எது விட்டுப்போயிருக்கிறதோ, அதை மட்டும் நாளைக்குக் கவனிக்கச் சொல்லுங்கள். விரல் இடுக்கில் ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

“நீ வெளியே போ” என்று கூச்சப்படத் தொடங்கும் பிள்ளைக்குத் தலை அலச இன்னும் வராமல் இருக்கலாம். அதற்காக அந்தக் கூச்சத்தைக் கேலி செய்யாதீர்கள். திரைக்கு இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருங்கள். பதில் வரவில்லையென்றால், அனுமதி கேட்டு நிற்காமல் உடனே உள்ளே போய்ப் பாருங்கள்.