செட்டிநாட்டில் பழைய வீடு வாங்க: வக்கீலைப் பிடிப்பது முதல் பட்டா மாறுவது வரை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் ஒரு பழைய வீடு விலைக்கு வந்தால் பார்க்கப் போகிறவர் முதலில் தூணைத் தட்டிப் பார்ப்பார், தரையைத் தடவிப் பார்ப்பார். விவரமான வக்கீல் கேட்கும் முதல் கேள்வி வேறு: "இதில் எத்தனை பங்கு?"

வீட்டைக் கட்டியவர் ஒருவர். இப்போது உரிமை இருப்பது மூன்றாவது, நான்காவது தலைமுறையில். அவர்கள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருப்பார்கள். ஒரே ஒருவர் கையெழுத்து விட்டுப்போனாலும் நீங்கள் வாங்கியது வீடாகாது, வீட்டில் ஒரு பங்குதான். இங்கே வீட்டு வழக்குகளில் பல இந்த ஒரு இடத்தில்தான் முளைக்கின்றன. அதனால் வக்கீலைப் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ். ஊரில் பலர் செய்வது இதற்கு நேர்மாறு.

எந்த வக்கீல்?

வீடு வாங்கும்போது மூன்று பேர் குறுக்கே வருவார்கள். பத்திர எழுத்தர் பத்திரத்தை ஒழுங்காக எழுதிக் கொடுப்பார். விற்பவருக்கு விற்க உரிமை உண்டா என்று பார்ப்பது அவர் வேலை கிடையாது. பேங்க் பேனல் வக்கீல் பேங்குக்காகப் பார்க்கிறார். கடன் தொகைக்கு ஈடு இருந்தால் அவருக்குப் போதும். மூன்றாமவர் உங்களுக்காக மட்டும் பார்க்கிற வக்கீல். அவரை நீங்கள்தான் தேடிப் பிடிக்க வேண்டும். புரோக்கர் "நம்ம வக்கீல் இருக்கார், ஃபீஸ் கூடக் கேட்கமாட்டார்" என்றால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.

காரைக்குடி, தேவகோட்டை கோர்ட்டுகளில் சிவில் பக்கம், அதிலும் பாகப்பிரிவினை வழக்கு நடத்திப் பழகியவராக இருப்பது நல்லது. பொன்னமராவதி, ராயவரம் பக்கத்து வீடு என்றால் புதுக்கோட்டை மாவட்டப் பதிவேடுகள் பழகியவர் வேண்டும். சென்னையில் அடுக்குமாடி வீட்டுக்கு ஒப்பீனியன் (சொத்துரிமை பற்றிய சட்டக் கருத்து) கொடுத்துப் பழகியவருக்கு இந்தப் பத்திரங்களின் நடையே புரியாது.

நேரில் போய், சொத்தின்மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்: "வில்லங்கம் எந்த வருஷத்திலிருந்து பார்ப்பீர்கள்?" "முப்பது வருஷம் போதும்" என்று உடனே பதில் வந்தால் யோசியுங்கள். இங்கே பல வீடுகளில் கட்டிய நாளிலிருந்து ஒரு பத்திரமும் பதிவாகியிருக்காது. அப்படிப்பட்ட வீட்டுக்கு முப்பது வருஷ வில்லங்கம் போட்டால் வெறும் தாள்தான் வரும். யாரும் எதையும் பதியவில்லை என்பதற்கு மேல் அந்தத் தாளுக்கு அர்த்தம் கிடையாது. வாரிசுகள் வில்லங்கத்தில் தெரியமாட்டார்கள். "முதலில் வம்சாவளி எழுதிக் கொண்டுவாருங்கள்" என்று சொல்கிறவர்தான் உங்களுக்கு வேண்டியவர்.

ஒப்பீனியனுக்கு எவ்வளவு, கிரையப் பத்திர வரைவுக்கு எவ்வளவு, பதிவு நாளில் உடன் வர எவ்வளவு என்று ஃபீஸைத் தனித்தனியாகப் பேசிவிடுங்கள். ஒப்பீனியன் எழுத்தில் வேண்டும். எந்தெந்தப் பத்திரத்தைப் பார்த்தார், அசலா ஜெராக்ஸா, யார் யார் கையெழுத்துப் போட்டால் வாங்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். "எல்லாம் கிளியர்" என்று வாயால் சொல்வதை வைத்துப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

பழைய பத்திரத்தைப் படிப்பது

வக்கீலிடம் கொடுக்க வேண்டியவை: மூலப் பத்திரம், இடையில் நடந்த பாகப்பிரிவினை, விடுதலை (பங்கை விட்டுக்கொடுப்பது), உயில், தானப் பத்திரங்கள், பட்டா, புலப்பட (நில அளவை வரைபட) நகல், வீட்டு வரி ரசீது, இறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று.

மூலப் பத்திரத்தில் ஊர் விவரம் இப்போதைய பெயரில் இருக்காது. சிவகங்கை மாவட்டம் 1985-ல்தான் பிரிந்தது. அதற்கு முந்தைய பத்திரங்கள் ராமநாதபுரம் ஜில்லா என்று சொல்லும். புதுக்கோட்டைப் பக்கம் 1948 வரை சமஸ்தானம். எல்லைகளும் ஆள் பெயரில்தான் இருக்கும்: இன்னார் வீட்டுக்கு வடக்கு, இன்னார் மனைக்குக் கிழக்கு, கிழமேலடி இத்தனை, தென்வடலடி இத்தனை. அந்த 'இன்னார்' வீடு இன்று யார் கையில் இருக்கிறது என்று தெருவில் நின்று விசாரித்து ஒத்துப் பார்க்காமல் விட்டால் நான்கு எல்லையும் காகிதத்தோடு போயிற்று.

இன்னொரு சிக்கல் விலாசம்; இங்கே முகவரி அல்ல, பெயரின் முன்னெழுத்துகள். நகரத்தார் பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகள் ஒரு பத்திரத்தில் நான்கு, அடுத்ததில் இரண்டு என்று மாறியிருக்கும். பெயரை வைத்து வில்லங்கம் தேடினால் பதிவு கண்ணில் படாமல் தப்பிவிடும். சர்வே எண்ணிலும், மாறிய எல்லாப் பெயர் வடிவத்திலும் தேடச் சொல்லுங்கள். ஆன்லைனில் கிடைக்காத பழைய காலத்துக்குப் பத்திர ஆபீசில் மேனுவல் வில்லங்கம் போட வேண்டும்.

பங்குக் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பர்மாவில் சொந்தமாகச் சம்பாதித்த ஒருவர் வீடு கட்டினார். 1970-ல் உயில் எழுதாமல் இறந்தார். மனைவி, இரண்டு மகன், மூன்று மகள். 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆறு பேருக்கும் ஆளுக்கு ஆறில் ஒன்று. பிறகு அவர் மனைவி ஆச்சியும் உயில் இல்லாமல் காலமானார். அவர் பங்கு ஐந்து பிள்ளைகளுக்கும் சமமாகப் போய், மொத்த வீட்டில் ஆளுக்கு ஐந்தில் ஒன்று ஆயிற்று. இப்போது மகன்கள் வழியினர் வந்து, "பொம்பளப் பிள்ளைகளுக்கு அப்பவே சீர் செனத்தி எல்லாம் செஞ்சாச்சு, பங்கு கிடையாது" என்கிறார்கள். வழக்கம் அப்படியே இருக்கட்டும். சட்டப்படி அவர்களால் விற்க முடிந்தது ஐந்தில் இரண்டு. மீதி ஐந்தில் மூன்று மகள்களுடையது, அவர்கள் இல்லையென்றால் அவர்களுடைய வாரிசுகளுடையது. அவர்களும் கிரையத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் முன்னதாகவே பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். பத்து ரூபாய்த் தாளில் எழுதிய 'சம்மதக் கடிதம்' எதற்கும் உதவாது.

அது சுயார்ஜிதம், அதாவது சொந்தச் சம்பாத்தியம். பூர்வீகச் சொத்து என்றால் கணக்கு மாறும். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குத் திருமணமாகாத மகள்களுக்கும், 2005 செப்டம்பர் 9 முதல் எல்லா மகள்களுக்கும் மகனோடு சம பங்கு. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை இது கலைக்காது. அதனால் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் தேதி ரொம்ப முக்கியம். "வாய்மொழியா அப்பவே பிரிச்சாச்சு" என்ற பேச்சை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

இந்த ஊருக்கே உரிய இன்னொன்று பிள்ளை கூட்டுவது, அதாவது சுவீகாரம் (தத்து). சுவீகாரம் போன மகனுக்குப் பிறந்த வீட்டில் பங்கு இல்லை. போன வீட்டில் உண்டு. ஆனால் தகப்பனார் இறந்து பங்கு வந்து சேர்ந்த பிறகு சுவீகாரம் போயிருந்தால், அந்தப் பங்கு அவரிடமே நிற்கும். ஆகவே சுவீகாரத் தேதியையும் தகப்பனார் இறந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பதிவான சுவீகாரப் பத்திரம் இருந்தால் நிம்மதி. தாசில்தார் தரும் வாரிசுச் சான்று இதையெல்லாம் தீர்த்து வைக்காது. பழைய சான்றுகளில் மகள்கள் பெயர் விட்டுப்போவது சாதாரணம்.

வாரிசுகளில் மைனர் இருந்தால், அவருக்குத் தனியாக வந்த பங்கை விற்க ஜில்லா கோர்ட் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் மேஜரானதும் அவர் கிரையத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

"ஒரு பங்கை மட்டும் இப்ப வாங்கிப் போடுங்க, மத்தவங்க தானா வருவாங்க" என்பது புரோக்கர்களின் நிரந்தர வசனம். பிரியாத குடும்ப வீட்டில் வெளியாள் பங்கு வாங்கினால், சொத்து மாற்றுச் சட்டம் 44-ம் பிரிவுப்படி உள்ளே போய்க் கூடக் குடியிருக்க உரிமை கிடையாது. நீங்கள் பிரிவினை கேட்டு வழக்குப் போட்டால், 1893-ம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டப்படி குடும்பத்தார் உங்கள் பங்கைக் கோர்ட் போடும் விலைக்கு எடுத்துக்கொள்ளலாம். சொந்தப் பங்காளியே வாங்கினால் கதை வேறு. மற்றவர்கள் ஒதுங்கியே இருங்கள்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது வளவை (உள்முற்றப் பகுதியை) சுற்றியுள்ள அறைகளை எண்ணுங்கள். பூட்டியிருக்கும் ஒவ்வொரு அறைக்கும் சாவி யாரிடம் என்று கேளுங்கள். சாவி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு பங்குக்காரராக இருக்கலாம். விற்பவர் கொடுத்த வம்சாவளியில் அந்தப் பெயர் இல்லையென்றால் மேலே போகாதீர்கள்.

மனை

இந்த வீடுகள் பெரும்பாலும் கிராம நத்தத்தில் (ஊர்க் குடியிருப்பு நிலத்தில்) நிற்கின்றன. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டுக் கதவு அடுத்த தெருவில் என்று நீளமாக ஓடுவதால் ஒரே வீடு சர்வே எண்ணின் இரண்டு உட்பிரிவில் விழும். ஒன்றுக்குப் பட்டா இருக்கும், மற்றது யாரோ பெயரில் கிடக்கும். சர்வேயரை வைத்து அளந்து, பட்டா, புலப்படம், பத்திரம் மூன்றையும் ஒப்பிடுங்கள். கோயில் அடிமனையில் கட்டிய வீடும் உண்டு. இந்து சமய அறநிலையச் சட்டம் 34-ம் பிரிவுப்படி ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் மனையை விற்றால் செல்லாது. வீட்டுக்காரர் கோயிலுக்கு ஏதாவது வாடகை கட்டுகிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும்.

நடப்பு வழக்கு வில்லங்கத்தில் தெரியாமல் போகலாம். இ-கோர்ட்ஸ் தளத்தில் குடும்பத்தார் ஒவ்வொருவர் பெயரிலும் தேடச் சொல்லுங்கள். வழக்கு நடக்கும்போது வாங்கினால் தீர்ப்பு உங்களையும் கட்டும். வாரிசுகள் பலராக இருந்தால் நாளிதழின் உள்ளூர்ப் பதிப்பில் பொது அறிவிப்பு கொடுப்பதும் நல்லது. விட்டுப்போன ஆள் தானாக வக்கீலுக்குப் போன் செய்வார்.

ஒப்பந்தமும் சாமான்களும்

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டப்படி தடை உண்டு. பங்கு எத்தனையோ அத்தனை செக். மொத்தத்தையும் ஒருவரிடம் கொடுத்து "நீங்க பிரிச்சுக்கங்க" என்றால், பதிவு நாளில் ஒருவர் வராமல் இருப்பதற்குக் காரணத்தை நீங்களே செய்து கொடுத்தமாதிரி.

ஒப்பந்தத்தில் இந்த ஊருக்கென்று சேர்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, வீட்டோடு சேர்ந்த சாமான்களின் பட்டியல். பர்மா தேக்குத் தூண், நிலை, கதவு, கண்ணாடி, பெல்ஜியம் விளக்கு எல்லாவற்றுக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்க ஆள் இருக்கிறது. ஒப்பந்தம் போட்டுப் பதிவுக்குள் முகப்புக் கதவு மறைந்துபோவது நடக்கக்கூடியதே. "தூண், நிலை, கதவு, பலகணி, தரைக்கல் உட்பட" என்று எழுதி, அறை அறையாகப் போட்டோ எடுத்து இரு தரப்பும் கையெழுத்திட்டு இணைத்துவிடுங்கள்.

இரண்டாவது, சாமி அறை. பங்காளிகள் வருஷத்துக்கு ஒருமுறை கூடிப் படைப்புப் (முன்னோருக்குப் படையல்) போடும் வீடாக இருந்தால், கிரையத்துக்குப் பிறகும் வந்து கும்பிடுவோம் என்பார்கள். சம்மதம் என்றால் எந்த அறை, எந்த நாள் என்று எழுதுங்கள். இல்லையென்றால் படைப்பை வேறிடத்துக்கு மாற்றிவிட்டதாக எல்லாரிடமும் எழுதி வாங்குங்கள். எழுதாமல் விட்ட மரியாதை பின்னால் உரிமையாகப் பேசப்படும்.

பவர், வரி, பதிவு

வெளிநாட்டில் இருப்பவர் பவர் (தன் சார்பில் செயல்பட அதிகாரப் பத்திரம்) கொடுப்பார். இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்று, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியிருக்க வேண்டும். அதில் 'விற்க' என்ற அதிகாரம் இருக்கிறதா, இந்த வீட்டின் சர்வே எண் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். 'நிர்வகிக்க' மட்டும் இருந்தால் ஆகாது. பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் போயிற்று. எண்பது வயதுக்காரர் கொடுத்த பவர் என்றால் பதிவு அன்றைக்கே அவரை வீடியோ காலில் பார்த்துவிடுவது மோசமான யோசனை இல்லை.

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பேசிய விலை, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது கூடுதலோ அதன்மேல். 60 லட்சத்துக்கு 4,20,000-ம் 1,20,000-ம் சேர்ந்து 5,40,000 ரூபாய். கட்டட மதிப்பைக் குறைத்துக் காட்டச் சொல்லுவார்கள். பதிவு அலுவலர் நேரில் பார்த்தால் இரண்டு கட்டு வீட்டை மறைக்க முடியாது. முத்திரைச் சட்டம் 47-ஏ பிரிவில் தனித்துணை ஆட்சியருக்குப் போய்ப் பத்திரம் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் இந்தியாவில் வசிப்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 சதவீதம் வருமான வரியாகப் பிடித்து நீங்கள் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டுவாசி என்றால் 50 லட்சம் என்ற வரம்பே கிடையாது, பிடிக்கும் விகிதமும் பல மடங்கு. பிடிக்காமல் விட்டால் வரி உங்கள் தலையில். பங்குக்காரர் ஒவ்வொருவரும் எங்கே வசிக்கிறார் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

பதிவு நாளில் அசல் மூலப் பத்திரங்களையும் எல்லா அறைச் சாவியையும் கையில் வாங்கிய பிறகு கடைசி செக்கைக் கொடுங்கள். அசல் தொலைந்துவிட்டது என்றால் போலீஸ் சான்றும் பத்திரிகை அறிவிப்பும் முன்னதாகவே முடிந்திருக்க வேண்டும்.

அதன்பின் பட்டா. உட்பிரிவு தேவையில்லை என்றால் பதிவோடு மாறுதல் தானாக நகரும். உட்பிரிவு உண்டு என்றால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், நாளாகும். பழைய கூட்டுப் பட்டாவில் இறந்தவர் பெயர்களெல்லாம் நீங்கியிருக்கிறதா என்று ஒரு முறை பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். வீட்டு வரி, குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.