பிறேக் கீச்சிடுகிறதா? உட்பக்க பிறேக் பாட்டையும் (pad) பாருங்கள்

காலையில் முதல் இரண்டு மூன்று தரம் மட்டும் கீச்சிட்டால், சில்லோடு சுழலும் பிறேக் டிஸ்க்கில் இரவு பிடித்த துருதான்; பயமில்லை. கிரவல் வீதியில் ஓடிய பிறகு கத்தினால் செம்புழுதி. சில்லைக் கழற்றி பிறேக் கிளீனர் அடியுங்கள். காற்றால் ஊத வேண்டாம், அந்தத் தூள் நெஞ்சுக்குக் கூடாது.

ஓடும்போது விடாமல் கீச்சிட்டால், பெரும்பாலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பாட் தேய்ந்து, அதிலுள்ள எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கில் உரசுகிறது. வெளிப்பாட் தடிப்பாய்த் தெரிந்தாலும் நம்பாதீர்கள். உட்பாட் 3 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் இரு பக்கச் சில்லுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். உட்பாட் மட்டும் அளவுக்கு மீறித் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் பாட்டை அழுத்தும் கலிப்பர் நகர உதவும் பின் (pin) இறுகியிருக்கும். துடைத்து சிலிக்கன் கிறீஸ் பூசாவிட்டால் புதுப்பாட்டும் அதே கதிதான். கடைக்குப் பழைய பாட்டையும் சேசி இலக்கத்தையும் கொண்டுபோங்கள், ஒரே மொடலிலும் பாட் வேறுபடும். புதிய பாட் போட்டதும், ஓட முன் பெடலை இறுகும்வரை மிதியுங்கள்.