சவரக்கத்தியில் முதல் ஷேவ்: முதலில் பழக வேண்டியது தோல் பட்டை

சவரக்கத்தி வாங்கும் எல்லோருக்கும் வரும் முதல் பயம், கழுத்தை அறுத்துக்கொள்வோமோ என்பதுதான். ஆனால் புதிதாகப் பழகுபவர்கள் முகத்தைக் கெடுப்பதைவிடக் கத்தியைக் கெடுப்பதுதான் அதிகம், அதுவும் கூரைச் சீராக்கத் தேய்க்கிற தோல் பட்டையில் வைத்து. கூர் போன கத்தி முடியை வெட்டாமல் இழுக்கும். இழுத்தால் நம் கை தானாக அழுத்தும், அழுத்தினால் வெட்டு விழும். அதனால் இந்தப் பதிவில் ஷேவிங்கை விடப் பட்டைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்தக் கத்தி வாங்கலாம்?

ஜெர்மனியின் சோலிங்கன் நகரம் இதற்குப் பேர்போனது. டோவோ, போக்கர் இரண்டும் அந்த ஊர்க் கம்பெனிகள்தான். பிரான்ஸின் தியேர் ஊரிலிருந்து தியேர்-இசார் வருகிறது. அலகின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்று சொல்வார்கள். முதல் கத்திக்கு 5/8 அல்லது 6/8 சரியாக இருக்கும். முனை வளைவாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். சதுர முனை காது மடலையும் மூக்கோரத்தையும் எளிதில் குத்திவிடும்.

விற்பவரிடம் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: ‘கல்லில் தீட்டி, அப்படியே ஷேவ் பண்ணும் பதத்தில் தருகிறீர்களா?’ புதுக் கத்தி என்பதாலேயே அது முகத்துக்குத் தயார் என்று நினைக்க வேண்டாம். பல கத்திகளுக்குக் கடைசித் தீட்டல் பாக்கி இருக்கும்.

சலூனில் பிளேடை இரண்டாக ஒடித்துச் செருகுகிறார்களே, அந்தக் கத்தியில் பழகிவிட்டு இதற்கு வரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் வேண்டாம் என்பேன். அதன் எடை குறைவு, பிளேடின் கூரோ கடுமையானது, கை கொஞ்சம் கனத்தாலும் மன்னிக்காது. பட்டை போடும், அதாவது தோல் பட்டையில் தேய்த்துக் கூரைச் சீராக்கும், பழக்கமும் அதில் வராது. சலூனுக்கு அதுதான் சரி, ஆளுக்கு ஒரு பிளேடு மாற்றியே ஆகவேண்டும். அதே காரணத்தால் உங்கள் சவரக்கத்தியை வீட்டில் வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். ரத்தத்தின் வழியாகப் பரவும் நோய்கள் இதிலும் பரவும்.

பட்டை போடுவது

மூன்று அங்குல அகலமுள்ள தொங்கும் பட்டை வசதியானது. ஒரு பக்கம் கெட்டித் துணி, ஒரு பக்கம் தோல் இருக்கும். மேல் முனையை ஆணியிலோ கொக்கியிலோ மாட்டி, கீழ் முனையைத் தொய்வில்லாமல் இழுத்துப் பிடியுங்கள். பட்டை தொய்ந்தால் கூர் உருண்டுபோகும்.

கத்தியைப் படுக்க வையுங்கள். முதுகும் கூர்ப்பக்கமும் ஒரே நேரத்தில் தோலைத் தொட வேண்டும். கோணத்தை நாம் கணக்குப் போட வேண்டியதே இல்லை. முதுகின் கனமே கோணத்தைத் தீர்மானிக்கிறது. இந்தக் கத்தியின் அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். அதனால்தான் எந்த நிலையிலும் முதுகு தோலை விட்டு எழும்பக் கூடாது.

இப்போது முதுகு முன்னே போக, கூர் பின்னால் வரும்படி தள்ளுங்கள். பட்டையின் முடிவில் கத்தியை நிறுத்தி, முதுகை ஊன்றியபடியே புரட்டுங்கள். பிறகு திரும்பி வாருங்கள். இந்தப் புரட்டலில்தான் பிழை நடக்கிறது. கத்தி நிற்பதற்கு முன்பே புரட்டினாலோ, கூர்ப்பக்கத்தை ஊன்றிப் புரட்டினாலோ தோல் கீறும், கூரும் மடங்கும். கத்தியை, அதன் பிடி அலகோடு சேரும் கழுத்தில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து விரல்களால் உருட்டினால் புரட்டல் சுத்தமாக வரும். மணிக்கட்டைத் திருப்பாதீர்கள்.

அழுத்தம் கத்தியின் எடை அளவுக்குப் போதும். துணியில் 20 முறை, தோலில் 40 முதல் 60 முறை, போய்வந்தால் ஒன்று என்று கணக்கு. வேகம் முக்கியமே இல்லை. முதலில் சில நாள் கூரில்லாத வெண்ணெய்க் கத்தியை வைத்து இந்தப் புரட்டலை மட்டும் பழகுங்கள். நல்ல தோல் பட்டை விலை அதிகம், பழகும்போது அதில் கீறல் விழுவது வீண்.

முகத்தில்

குளித்து முடித்த கையோடு உட்காருங்கள். முடி வெந்நீரில் ஊறி இளகியிருக்கும். கேன் நுரையை விட, பிரஷ்ஷில் சோப்பைக் குழைத்துப் போடும் நுரையே நல்லது. வழுக்கலும் ஈரமும் அதில் அதிகம்.

முதல் வாரம் கன்னங்கள் மட்டும் போதும். மற்ற இடங்களை உங்கள் வழக்கமான ரேசரில் முடியுங்கள். கிருதாவுக்குக் கீழே கத்தியைக் கன்னத்தில் படுக்க வைத்து, மெதுவாக முதுகை உயர்த்துங்கள். முதுகுக்கும் தோலுக்கும் இடையே இரண்டு முதுகுக் கனம் இடைவெளி வந்தால் ஏறக்குறைய 30 டிகிரி. அதற்கு மேல் போனால் சுரண்டும், மிகவும் படுத்தால் முடியை இழுக்கும். மறு கையால் தோலை மேல் நோக்கி இழுத்துப் பிடித்து, முடி வாக்கிலேயே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறக்குங்கள். துடைத்து, மறுபடி. கூர் சரியாக இருந்தால் மெல்லிய கரகரவென்ற சத்தம் கேட்கும்.

கத்தி எப்போதும் அலகுக்குக் குறுக்கேதான் நகர வேண்டும். கூரின் நீளவாக்கில் அரை அங்குலம் வழுக்கினாலும் வெட்டு விழும். கை நழுவிக் கத்தி விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள், விழட்டும்.

கன்னம் கைவந்தபின் கழுத்து, கடைசியில் மோவாயும் உதட்டு மேலும். கழுத்தில் முடி வாக்கு ஆளுக்கு ஆள் மாறும்; விரலால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். எதிர்வாக்கு ஷேவை சில மாதங்களுக்குத் தள்ளிப்போடுங்கள். முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, ஈரப் படிகாரக் கல்லைத் தடவுங்கள். சின்னக் கீறல் இருந்தால் அங்கே சுரீரென்று எரியும், ரத்தமும் நிற்கும்.

துருதான் பெரிய எதிரி

நல்ல கத்திகளில் பெரும்பாலானவை கார்பன் எஃகு. சென்னை, நாகை, யாழ்ப்பாணம் மாதிரிக் கடலோர ஊர்களில் ஒரு ராத்திரி ஈரம் போதும், கூரின் ஓரத்தில் புள்ளி விழ. கழுவும்போது குழாயில் இடிக்காமல் கழுவி, முதுகிலிருந்து கூர்ப்பக்கம் நோக்கித் துணியால் ஒற்றுங்கள். பிடியின் இரு தகடுகளுக்கு நடுவே, ஆணியைச் சுற்றித் தண்ணீர் தங்கும். அங்கே துணியின் ஓரத்தைச் செருகி எடுங்கள். துணிப் பட்டையில் பத்து முறை இழுத்தால் கண்ணுக்குத் தெரியாத ஈரமும் போகும். ஒரு சொட்டு மினரல் ஆயில் தடவி, இரண்டு மணி நேரம் திறந்தே வைத்துவிட்டு மடியுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் சிக்குப் பிடிக்கும். குளியலறையில் வைக்கவே கூடாது.

எப்போது கல்லில் தீட்டுவது?

பட்டை போட்டும் கத்தி முடியை இழுக்க ஆரம்பித்தால். சரியாகப் பட்டை போடுபவருக்கு இது சில மாதங்களுக்கு ஒருமுறை வரும். 12000 அளவு நயமான தண்ணீர்க் கல்லில் (தண்ணீர் விட்டுத் தீட்டும் கல்; எண் கூடக் கூட நயம் கூடும்), கத்தியைப் படுக்க வைத்து, இம்முறை கூர் முன்னே போகும்படி லேசாகச் சில இழுப்பு இழுத்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். கூரில் பல் விழுந்திருந்தால் 1000 அளவுக் கல்லிலிருந்து தொடங்க வேண்டும். அதைப் பழக்கமுள்ளவரிடம் விடுங்கள். சைக்கிளில் சாணைச் சக்கரம் வைத்து அரிவாள்மனை தீட்டுபவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். சக்கரத்தின் சூட்டில் எஃகின் பதம் போய்விடும், முதுகுக்கும் கூருக்கும் உள்ள கணக்கும் போய்விடும், அதன்பின் எந்தக் கல்லாலும் அதை எளிதில் மீட்க முடியாது.