மேட்டைக் கண்டதும் ஸ்கைர்மியன் என்று எழுதிவிடாதீர்கள்: ஹோல் தரவைப் பிரித்தெடுக்கும் முறை

இரணைமடுக் குளத்து வாய்க்கால் வளையும் இடத்தில் நின்று பாருங்கள். நீர் வெளிக்கரைப் பக்கம் ஒதுங்கி, அங்கே சற்று உயர்ந்து ஓடும். காந்தப்புலத்தில் இலத்திரன்களும் ஒருபக்கம் ஒதுங்குகின்றன. கடத்தியின் குறுக்கே மின்னழுத்தம் தோன்றுகிறது. 1879இல் எட்வின் ஹோல் மெல்லிய பொற்தகட்டில் கண்டது இதுதான். இரும்பில் அது பன்மடங்கு பெரிதாக இருப்பதையும் பின்னர் அவரே கண்டார். காந்தமாக்கத்தால் வரும் அந்த மிகைப்பகுதிக்கு அசாதாரண ஹோல் விளைவு என்று பெயர். அணுக்களின் காந்தத்திசைகள் சுருண்டு ஸ்கைர்மியன் என்ற சுழலாகும்போது மூன்றாவது பகுதியும் சேரும். அது இடத்தியல் ஹோல் விளைவு; வளைகோட்டில் அது ஒரு மேடாகத் தெரியும்.

மென்படலத்தில் புலத்தை மாற்றிமாற்றி அளக்கும்போது மூன்றும் ஒரே வளைகோட்டில் கலந்தே வரும். அவற்றைப் பிரிக்கப் பழகுவதற்கு அறிவியல்நகர் விடுதியறையில் ஒரு மடிக்கணினியும், ஆய்வாளர்கள் பொதுவில் வைத்துள்ள தரவும் போதும்.

முதற்படி எளிது: குறுக்கு மின்னழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் வரும் குறுக்குத் தடையைப் படலத்தின் தடிப்பால் பெருக்குங்கள். கிடைப்பது குறுக்குத் தடைத்திறன்.

இரண்டாம் படியில்தான் பலர் சறுக்குகிறார்கள். மின்வாய்கள் நேருக்கு நேர் அமையாததால் நெடுக்குத் தடையும் அளவீட்டில் கலந்துவிடும். அதை நீக்க, புலம் ஏறும்போது +1 தெஸ்லாவில் பெற்ற அளவிலிருந்து, புலம் இறங்கும்போது −1 தெஸ்லாவில் பெற்றதைக் கழித்துப் பாதியாக்குங்கள். எல்லாப் புலங்களுக்கும் இப்படியே. ஏறுவதோடு ஏறுவதையே சேர்த்தால், ஏறும் வழியும் இறங்கும் வழியும் பிரிந்து உருவாக்கும் தயக்கவளையம் சிதைந்துபோகும். இதை நான் பிழையாகச் செய்து, இல்லாத ஒரு மேட்டைப் பல நாள் ஆராய்ந்திருக்கிறேன்.

மூன்றாவதாக, காந்தமாக்கம் நிரம்பிய உயர்புலப் பகுதிக்கு நேர்கோடு வரையுங்கள். சரிவு சாதாரண ஹோல் விளைவைத் தரும். பூச்சியப் புலத்துக்கு நீட்டினால் வரும் வெட்டு, அசாதாரணப் பகுதியின் அளவு. 20 நனோமீற்றர் படலத்தில் குறுக்குத் தடையின் சரிவு தெஸ்லாவுக்கு 0.01 ஓம் என்றால், ஒரு கனமீற்றரில் மின்னைச் சுமக்கும் காவிகள் சுமார் 3 × 10²⁸ உள்ளன. ஒரே வகைக் காவி ஓடினால் மட்டுமே இக்கணக்கு செல்லும்.

அடுத்து, அதே படலத்தில், அதே வெப்பநிலையில் அளந்த காந்தமாக்க வளைகோட்டை அந்த வெட்டின் உயரத்துக்கு அளவுமாற்றிக் கழியுங்கள். அதற்கு முன், படலத்தைத் தாங்கும் அடித்தளப் படிகத்தின் காந்தப்பங்கை நீக்குவது அவசியம். மூன்று மங்கனீசுக்கு ஒரு வெள்ளீயம் கொண்ட சேர்மத்தில் இந்தப் படி பொருந்தாது. காந்தமாக்கம் மிகச் சிறிதாக இருந்தும் அறைவெப்பநிலையிலேயே பெரிய அசாதாரண விளைவு அதில் உண்டென்று 2015இல் காட்டப்பட்டது. இலத்திரன் பட்டைகளின் வடிவியலே அதற்குக் காரணம்.

மிஞ்சுவது ஒரு மேடா? பொறுங்கள். ஸ்ரொன்சியம் ரூதெனேற்றில் அசாதாரண விளைவின் குறி (+ அல்லது −) வெப்பநிலையோடு மாறும். அசாதாரண விளைவு எதிரெதிர்க் குறி கொண்ட படலத்தின் இரு பகுதிகளில் காந்தமாக்கம் வெவ்வேறு புலங்களில் திரும்பினாலும் அச்சொட்டாக இதே மேடு எழும். ஆகவே மேட்டின் உச்சியில் புலத்தை நிறுத்தி, பூச்சியத்துக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். உயர்ந்த மதிப்பு அப்படியே நிலைத்தால் இரு பகுதிகள் என்ற சந்தேகம் வலுக்கும். பிறகு காந்தவிசை நுணுக்குக்காட்டியில் அந்தச் சுழல்களைத் தேடவேண்டும்.