பி-1 விசாவில் அமெரிக்கா போறீங்களா? ‘வேலையா வந்தேன்’னு சொல்லிடாதீங்க

யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் ‘இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்’னு சொல்லியே பழகின வாய் நமக்கு. அதையே ஆங்கிலமாக்கி அமெரிக்க இமிக்ரேஷன் கவுன்ட்டர்ல சொன்னேன். பி-1 தொழில் விஷயமா கொஞ்ச நாள் போய்வர்ற விசா; அங்கே வேலைக்குச் சேர்றதுக்கு இல்லை. தனி அறையில் ரெண்டு மணி நேரம் உட்கார வெச்சுட்டாங்க.

டிஎஸ்-160ங்கிற விசா விண்ணப்பத்தை நிரப்புறது, ஃபோட்டோ அளவு இதெல்லாம் ஏற்கெனவே நிறைய பேர் எழுதிட்டாங்க. அதைத் தாண்டிப் போறேன்.

படி 1: அங்கே செய்யப் போறதை நாள்வாரியா எழுதுங்க

மீட்டிங், கான்ட்ராக்ட் பேசுறது, மாநாட்டுக்குப் போறது எல்லாம் தாராளமா செய்யலாம். அங்கே ஒரு ஆள் லீவுன்னு அவர் சீட்ல உட்கார்ந்து புரோகிராம் எழுதக் கூடாது. ‘சம்பளம் இந்தியாவுலதானே வருது?’ன்னு கேட்பீங்க. அது மட்டும் போதாது. அங்கே இருக்கிற ஊழியர் செய்யவேண்டியதை நீங்க செய்றீங்களான்னும் பார்ப்பாங்க. பி-1ஐத் தப்பா பயன்படுத்தினதா எழுந்த புகாரில், 2013ல ஒரு பெரிய இந்திய ஐடி கம்பெனி, தப்பை ஒத்துக்காமலே, 34 மில்லியன் டாலர் கட்டி சமரசம் பண்ணிக்கிச்சு.

படி 2: மெஷின் சர்வீஸுக்குப் போறவங்க இங்கே நிதானமா படிங்க

நான் சறுக்கினது இங்கேதான். அமெரிக்காவுக்கு வெளியே இருக்கிற கம்பெனி வித்த மெஷினை நிறுவ, பழுது பார்க்க, அங்கே உள்ளவங்களுக்குச் சொல்லித்தர பி-1ல போகலாம். ஆனா அந்த சர்வீஸை வித்த கம்பெனி செய்து தரணும்னு விற்பனை ஒப்பந்தத்திலேயே இருக்கணும். போறவருக்கு அந்த மெஷின் பத்தின தனி அனுபவம் இருக்கணும். சம்பளம் அமெரிக்காவிலிருந்து வரக் கூடாது.

என் அழைப்புக் கடிதத்தில் ‘பிளான்ட் வேலைகளுக்கு உதவ’ன்னு ஒரே வரி. ஒப்பந்தம் பத்தி ஒரு வார்த்தை இல்லை. ஒப்பந்த நகல் என் போன்ல இருந்துச்சு; அந்த அறையில் போனைத் தொடவே விடலை. அதனால கிளவுட், பிடிஎஃப் கதையெல்லாம் வேண்டாம். பேப்பர் ஃபைல்தான். சர்வீஸ் ஷரத்து இருக்கிற பக்கத்துல ஒரு கொடி ஒட்டி வைங்க.

இன்னொண்ணு: மெஷினுக்கு ஃபவுண்டேஷன் போடுறது மாதிரி கட்டுமான வேலையில் நாமே கை வைக்கக் கூடாது. அதுக்கு ஆள் வெச்சு மேற்பார்வை பார்க்கலாம், பயிற்சி கொடுக்கலாம்.

படி 3: கவுன்ட்டர்ல பேச்சு

‘எங்க கம்பெனி வித்த மெஷினை நிறுவித்தர வந்திருக்கேன், ஒப்பந்தம் இதோ, இத்தனாம் தேதி திரும்புறேன்.’ உண்மை இதுதான்னா இதை அப்படியே சொல்லுங்க. கேட்காததுக்கு பதில் வேண்டாம்.

படி 4: ஐ-94 (அமெரிக்கா வந்ததுக்கான பதிவு)

விசா 10 வருஷத்துக்கு இருக்கும். அதுக்காக 10 வருஷம் தங்க முடியாது. எதுவரை தங்கலாம்கிறது ஐ-94ல இருக்கிற தேதிதான். ஹோட்டல் போனதும் இணையத்துல எடுத்துப் பாருங்க, பேர்ல எழுத்துப்பிழை இருக்கான்னும் சேர்த்து.

பின்சேர்க்கை: அங்கே பணம் ஏதாவது வாங்கலாமான்னு ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. ஹோட்டல், பயணச் செலவை அமெரிக்கக் கம்பெனி திருப்பிக் கொடுத்தா வாங்கிக்கலாம், அது சம்பளம் ஆகாது. பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவுக்கு மதிப்பூதியமும் வாங்கலாம்: ஒரு இடத்தில் 9 நாளுக்கு மேல போகக் கூடாது, 6 மாசத்துல 5 நிறுவனங்களுக்கு மேலயும் கூடாது.